கறுப்புக் குட்டிக்கு வெயில்

பீடோரில் வெயில்
யாரும் கேட்காமலே வரும்.
கடைவாசலில் காயும் கருவாட்டுக்கும்
கோயில் தகரத்துக்கும்
பஸ் நிற்கும் இடத்தில் என் தலைக்கும்
கணக்குப் பார்க்காமல் கொட்டும்.
அந்த ஊரில்தான்
ஒரு ஜீவனுக்கு வெயில் போதவில்லை என்று
ரத்தச் சோதனைத் தாள் வந்தது.

செம்பனையை வெட்டிவிட்டுச் சும்மா கிடந்த
பதினேழாம் நம்பர் காட்டில்
லோ முதலாளி வேலி போட்டு
எட்டு அல்பாக்காக்களை இறக்கினார்.
கழுத்து ஒட்டகம், உடம்பு செம்மறி,
பார்வை மட்டும்
முன்பணம் கேட்டு வந்தவனைப் பார்க்கும் கிராணி.
டிக்கெட் பதினைந்து ரிங்கிட்.
கேரட் ஒரு கோப்பை ஐந்து.

அவற்றின் சொந்த ஊர்
மேகத்தைத் தாண்டி மேலே என்றார்கள்.
அங்கே குளிர் தோலைக் கடிக்கும்,
வெயில் எலும்புவரை போகும்.
இங்கே வெக்கை.
வாயைத் திறந்து அவை மூச்சு வாங்கியதைப் பார்த்து
நான்தான் சொன்னேன், வலை கட்டலாம் முதலாளி.
கறுப்பு வலை, எண்பது விழுக்காடு நிழல்,
ஈப்போவிலிருந்து இரண்டு சுருள்,
நாலு காற்றாடி.
கட்டி முடித்த அன்று
அவை காலை மடக்கிப் படுத்த அழகைப் பார்த்தபடி
புண்ணியம் செய்தவனைப்போல்
தேத்தண்ணி குடித்தேன்.

பிறகு புகைமூட்டம் வந்தது.
ஏழு வாரம்.
பள்ளிக்கூடத்தை மூடினார்கள்.
சூரியன் சட்டைப்பையில் தேய்ந்த
பழைய காசு மாதிரி தொங்கியது.
அதற்குள்தான் மிலோ ஈன்றாள்.
கன்னங்கறுத்த குட்டி.
கோப்பி ஓ என்று பேர் வைத்தது
டிக்கெட் கிழிக்கும் அய் லிங்.

நாலு மாதம் துள்ளியது.
ஐந்தாம் மாதம்
முன்கால் முட்டி உள்ளே வளைந்தது,
முதுகு கூனியது.
மற்றவை கேரட்டுக்கு ஓட
இது உட்கார்ந்தே இருந்தது.
வந்தவர்கள் சமத்துக்குட்டி என்று படம் எடுத்தார்கள்.
நானும் சமத்து என்றுதான் நினைத்தேன்.

தெலுக் இந்தானிலிருந்து டாக்டர் ஃபரிடா வந்தார்.
காலைத் தொட்டதும் குட்டி முனகியது,
மூடிய கதவுக்குள் யாரோ முணுமுணுப்பதுபோல.
டாக்டர் அண்ணாந்து பார்த்தார்.
இதை யார் கட்டியது?
வகுப்பில் மாதிரி கை தூக்கினேன்.

வைட்டமின் டி இல்லை, என்றார் மலாயில்.
புல் நிறைய இருக்கிறது, பச்சைப் புல்லில் அது அவ்வளவாக இல்லை.
தோலில் வெயில் பட்டு ஊறவேண்டும்.
அடர்ந்த ரோமம் ஒரு கதவு,
கறுப்பு நிறம் இன்னொரு கதவு,
இந்த வலை மூன்றாவது.
வளர்கிற எலும்பு வெளியே நின்று
தட்டிக்கொண்டே இருக்கிறது.
கோபமே இல்லாமல் சொன்னார்.
அதுதான் தாங்கவில்லை.

எட்டு வாரத்துக்கு ஓர் ஊசி.
கூடுதலாகப் போட்டுவிடாதீர்கள்,
உடம்பிலேயே தங்கிவிடும், சிறுநீரகத்தைக் கெடுக்கும்,
என்று இரண்டு தடவை சொன்னார்.
பாசத்தில் அளவு தப்புகிற ஆள் என்று
என் முகத்திலேயே எழுதியிருந்ததோ என்னவோ.

இராத்திரி வீட்டில் சொன்னேன்.
கையுறைத் தொழிற்சாலையில்
பதினொரு வருடமாக இரவு வேலை பார்க்கும் தனபாக்கியம்
முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்:
அந்த ஆட்டுக்கு ஊசி போட்டாங்களே,
அது என்ன விலை?
சிரித்தேன்.
அவள் சிரிக்கவில்லை.

இப்போது ரோமம் கத்தரித்தாயிற்று.
வலையில் பாதியைச் சுருட்டிவிட்டேன்.
வெக்கை ஏறுமுன்
தினமும் எங்களுக்கு ஒரு பெரட்டு.
எட்டும் வெளியே வந்து நிற்கும்,
கோப்பி ஓ கடைசியாக.
கால் நேராகவில்லை இன்னும்.
ஆகலாம், ஆகாமலும் போகலாம்
என்றுதான் டாக்டர் சொல்லியிருக்கிறார்.

மொட்டை முதுகில் வெயில் இறங்குகிறது.
வேலிக்கு அந்தப் பக்கம்
தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கிய தனபாக்கியம்
வீட்டுக்குப் போகாமல்
சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டி
சடக்கோரம் நிற்கிறாள்.
ஒன்பதரைக்கு மணி அடித்து
எல்லாவற்றையும் நிழலுக்கு ஓட்டவேண்டும்.
ஒன்பதே முக்கால் ஆகிறது.
இன்னும் அடிக்கவில்லை.